கப்பலுக்கு நம் கையோடு போகும் ஒயின்

சுற்றுலாச் சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலானவை, பயணிகள் வெளியிலிருந்து மதுபானம் கொண்டுவருவதைத் தடை செய்கின்றன. ஆனால் அதே விதிமுறையில், இரண்டு மூன்று வரி தள்ளி, ஒயினுக்கு மட்டும் ஒரு விலக்கு இருக்கும். விஸ்கி, ரம், ஜின், வோட்கா எதையும் ஏற்ற முடியாது. பீருக்கும் பல கப்பல்களில் இடமில்லை. ஆனால் 750 மில்லி கொள்ளளவுள்ள, முத்திரை உடைக்கப்படாத ஒரு பாட்டில் ஒயினையோ ஷாம்பெயினையோ பயணம் தொடங்கும் நாளன்று கையில் எடுத்துச் செல்லலாம். இந்தச் சலுகையைப் பற்றித் தெரியாமலேயே பயணம் முடித்துத் திரும்பியவர்கள் பலரைச் சந்தித்திருக்கிறேன். தெரிந்தவர்களிலும் பெரும்பாலோர் இதைச் சில டாலர்களை மிச்சப்படுத்தும் வழியாகவே பார்க்கிறார்கள். கப்பலின் பட்டியலில் ஒருபோதும் கிடைக்காத ஒயினை நடுக்கடலில் அருந்துவதற்கான அனுமதியாக அதைப் பார்ப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. அப்படிப் பார்க்கத் தொடங்கினால் எதை எடுத்துச் செல்வது, எங்கே திறப்பது, கட்டணம் கொடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை எளிதாகிவிடுகிறது.

விதி ஏன் இப்படி இருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதன் காரணம் புரிந்தவருக்குக் கப்பல் ஊழியர்களோடு வாதாடும் அவசியம் எழுவதில்லை. பெரிய கப்பல் நிறுவனங்களின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பயணச்சீட்டுக்கு அப்பால் பயணி கப்பலில் செலவிடும் பணத்திலிருந்து வருகிறது. மதுபானம், சூதாட்டக்கூடம், கரையோரச் சுற்றுலா, அழகு நிலையம், இணைய வசதி ஆகிய எல்லாம் அதில் அடங்கும்; அவற்றுள் மதுபானத்துக்கு முக்கியமான இடம் உண்டு. பயணச்சீட்டின் விலை குறைவாக இருப்பதற்கு இந்த வருமானமும் ஒரு காரணம் என்பதால், வெளியிலிருந்து வரும் பாட்டில்களுக்கு நிறுவனங்கள் கதவைத் திறந்துவிடாததில் எனக்கு வியப்பில்லை. இன்னொரு காரணம் பாதுகாப்பு. யார் எவ்வளவு அருந்துகிறார்கள் என்பதை மதுக்கூட ஊழியர் கவனித்து, வேண்டியபோது நிறுத்தவும் முடியும். பூட்டிய அறைக்குள் ஒருவர் தாமே கொண்டுவந்த வோட்காவை அருந்தினால் அது யாருக்கும் தெரியாது. உயரமான பால்கனிகளும் அலையில் ஆடும் தளமும் உள்ள ஓர் இடத்தில் இது சிறிய விஷயமல்ல. ஒயின் பெரும்பாலும் உணவோடு சேர்ந்தது, அதன் சாராய அளவும் குறைவு. எனவே அதற்கு மட்டும் ஓரளவு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த இடத்தின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. கார்னிவல் கப்பல்களில் 21 வயது நிறைந்த ஒவ்வொருவரும் 750 மில்லி பாட்டில் ஒன்றைக் கைப்பையில் கொண்டுவரலாம். ராயல் கரீபியனிலும் மது அருந்தும் வயதை எட்டிய ஒருவருக்கு ஒரு பாட்டில் என்பதே கணக்கு. பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா ஆகிய இரண்டும் இன்னும் சற்றுத் தாராளமானவை: பெரியவர் ஒருவருக்கு ஒரு பாட்டிலை அறையில் அருந்தினால் கட்டணம் இல்லை, அதற்கு மேலும் கொண்டுவரலாம், ஆனால் கூடுதலான ஒவ்வொரு பாட்டிலுக்கும் கட்டணம் உண்டு. நார்வீஜியன் நிறுவனம் எண்ணிக்கைக்கு வரம்பே வைக்கவில்லை. மாறாக, அறையில் அருந்தினாலும் உணவகத்தில் அருந்தினாலும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஏறும்போதே கட்டணம் வாங்கிவிடுகிறது. டிஸ்னி கப்பல்களில் 21 வயது நிறைந்தவர் இரண்டு பாட்டில் ஒயினோ, ஆறு பீரோ கொண்டுவரலாம் என்பதோடு, இடையில் கப்பல் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும் அதே அளவை மீண்டும் ஏற்றலாம் என்பது மிகவும் அபூர்வமான சலுகை. வைக்கிங் இதற்கும் ஒரு படி மேலே போய், பயணிகள் தங்கள் ஒயினைக் கொண்டுவந்து கட்டணமின்றி அருந்த விடுகிறது. ஒயின் ரசனை உள்ளவர்கள் அந்த நிறுவனத்தைத் தேடிப் போவதற்கு இது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. 2015 ஜூலையில் கார்னிவல், பாட்டிலில் அடைத்த தண்ணீரையும் குளிர்பானத்தையும்கூடப் பயணிகள் கொண்டுவரக் கூடாது என்று தடை விதித்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் டின் பானங்களை மட்டும் அனுமதித்தது. தண்ணீர் பாட்டிலில் வோட்காவை ஊற்றி மூடியைத் திரும்ப ஒட்டிக் கொண்டுவருபவர்கள் பெருகியதே அதற்குக் காரணம். ஆகவே நான் மேலே எழுதியதை ஒரு வரைபடமாக மட்டும் கொண்டு, பயணச்சீட்டு எடுத்த பிறகும் புறப்படுவதற்கு முந்தைய வாரத்திலும் நிறுவனத்தின் விதிமுறையை ஒருமுறை படித்துவிடுங்கள். கவனிக்க வேண்டியவை சில: எண்ணிக்கை ஆளுக்கா, அறைக்கா; கட்டணம் எல்லாப் பாட்டிலுக்குமா, பொது இடத்தில் திறந்தால் மட்டுமா; வயது வரம்பு எத்தனை. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல்களில் வயது வரம்பு 21 என்பதே வழக்கம். அதே நிறுவனத்தின் கப்பல் ஐரோப்பாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ புறப்பட்டால் அது பெரும்பாலும் 18 ஆகிவிடும். அட்டைப்பெட்டியில் அடைத்த ஒயினைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஒன்றரை லிட்டர் கொண்ட மேக்னம் பாட்டிலும் 750 மில்லி என்ற வரம்பைத் தாண்டிவிடுவதால், கொண்டாட்டத்துக்கென்று அதை வாங்கி வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். போர்ட், ஷெர்ரி போன்ற, கூடுதல் சாராயம் சேர்த்துச் செறிவூட்டிய ஒயின்களின் சாராய அளவு 20 சதவீதத்தை நெருங்குவதால், வாயிலில் நிற்கும் அலுவலர் அவற்றை ஒயின் என்று எடுத்துக்கொள்வாரா என்பதையும் எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது கட்டணத்துக்கு வருகிறேன். நாம் கொண்டுவந்த பாட்டிலை உணவகத்தில் திறந்து பரிமாறுவதற்கு வாங்கும் தொகையைக் கார்க்கேஜ் என்பார்கள். கப்பல்களில் அது பொதுவாக 15 டாலரிலிருந்து 30 டாலருக்குள் இருக்கும். இதைக் கேட்டதும் பலர் முகம் சுளிக்கிறார்கள்; நம்முடைய பாட்டிலுக்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 750 மில்லி பாட்டிலில், குவளைக்கு 150 மில்லி என்ற வழக்கமான அளவில், ஐந்து குவளை ஒயின் இருக்கிறது. 20 டாலர் கார்க்கேஜ் கொடுத்தால் குவளைக்கு 4 டாலர் ஆகிறது. கப்பலில் ஒரு குவளை ஒயின் வாங்கினால் அதைவிட மிகவும் அதிகமாகும். அதற்கு மேல் 18 அல்லது 20 சதவீதச் சேவைக் கட்டணம் வேறு தானாகவே சேர்ந்துவிடும். ஆக, மலிவான ஒயினைக் கொண்டுபோய்க் கார்க்கேஜ் கொடுத்தாலும் ஓரளவு மிச்சம்தான். அதே 20 டாலரை நல்ல ஒயினுக்குக் கொடுத்தால் அது கடுகளவு செலவு, ஏனென்றால் உணவகங்கள் பாட்டிலின் வாங்கிய விலையைப் பல மடங்காக்கி விற்கும்போது, கார்க்கேஜ் மட்டும் பாட்டிலின் தரம் எதுவானாலும் ஒரே தொகையாக நிற்கிறது. கொண்டுபோகும் ஒயின் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு இந்த ஏற்பாடு நமக்குச் சாதகம். இதனால்தான் அந்த ஒரே இடத்தை எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒயினால் நிரப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்படியென்றால் எதைக் கொண்டுபோவது? கப்பலின் ஒயின் பட்டியல் ஆயிரக்கணக்கான பயணிகளுக்காகத் தயாரிக்கப்படுவது. பல கப்பல்களுக்குச் சேர்த்து, பல மாதங்களுக்குத் தட்டுப்பாடின்றிக் கிடைக்கக்கூடிய ஒயின்களையே அதில் சேர்க்க முடியும். அதனால் பெரிய தயாரிப்பாளர்களின் பெயர்களே அதில் நிறைந்திருக்கும். நியூசிலாந்தின் சாவினியோன் பிளாங்க், கலிபோர்னியாவின் ஷார்டனே, அர்ஜென்டினாவின் மால்பெக், இத்தாலியின் புரோசெக்கோ ஆகியவை தவறாமல் இருக்கும். அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவற்றைக் கையில் சுமந்து வர வேண்டியதும் இல்லை. சிறிய திராட்சைத் தோட்டத்தில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பாட்டில் மட்டும் செய்பவரின் ஒயின், நாம் பிறந்த ஆண்டின் அல்லது மணம் முடித்த ஆண்டின் ஒயின், அதிகம் பேர் அறியாத ஒரு திராட்சை வகை என்று எதுவாக இருந்தாலும் பட்டியலில் அது இருக்காது என்ற ஒன்றே என் முதல் அளவுகோல். கப்பல் ஏறும் துறைமுகத்துக்கு அருகில் ஒயின் பகுதி ஏதாவது இருந்தால் இன்னும் வசதி. பார்சிலோனாவுக்குத் தென்மேற்கே, காவா எனப்படும் நுரைக்கும் ஒயின் உருவாகும் பெனடெஸ் பகுதி இருக்கிறது; லிஸ்பனிலிருந்து கொலாரெஸ் ஒயின் பகுதி அதிக தூரமில்லை; சிட்னிக்கு வடக்கே ஹன்டர் பள்ளத்தாக்கு. ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் செய்தவர் கையிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம்; விமானத்தில் சுமக்கும் கவலையும் தீர்ந்தது.

இரண்டாவது அளவுகோல் ஒயின் பயணத்தைத் தாங்குமா என்பது. பல ஆண்டுகள் முதிர்ந்த சிவப்பு ஒயினின் அடியில் வண்டல் படிந்திருக்கும். அதை அசைக்காமல் ஒரு நாளாவது நேராக நிறுத்தி வைத்து, பிறகு மெல்லச் சாய்த்து ஊற்ற வேண்டும். விமானத்திலும் வண்டியிலும் குலுங்கி, பிறகு இயந்திர அதிர்வும் அலையாட்டமும் ஓயாத அறையில் வைக்கப்படும் பாட்டிலில் வண்டல் படிவதற்கு நேரம் பிடிக்கும். கலங்கிய ஒயினோ கசப்பும் மண் சுவையும் தட்டும். எனவே பிரான்சின் முதிர்ந்த போர்தோ சிவப்பு ஒயினையோ பழைய விண்டேஜ் போர்ட்டையோ கொண்டுபோக ஆசைப்படுபவர்கள் பயணத்தின் முதல் நாள் அதைத் திறக்காமல், கடைசி நாட்களுக்கு விட்டுவைப்பது உத்தமம். இளமையான, வண்டல் இல்லாத ஒயினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கடல் பயணம் எல்லா ஒயினையும் கெடுத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அட்லாண்டிக் கடலில் உள்ள போர்ச்சுகலின் மதேரா தீவு ஒயின் மரப் பீப்பாய்களில் கப்பலேறி, வெப்பமண்டலக் கடல்களைக் கடந்து போய்த் திரும்பியபோது, வெயிலின் சூட்டில் வெந்து முன்னைவிடச் சுவையாக இருப்பதை வணிகர்கள் கண்டார்கள். பிறகு அந்தச் சுவைக்காகவே பீப்பாய்களைக் கப்பலில் ஏற்றிச் சுற்றி வரச் செய்தார்கள். இன்று அந்தத் தீவில் சூடேற்றும் கலன்களிலும் வெப்பமான மாடிக் கிடங்குகளிலும் அதே விளைவை உண்டாக்குகிறார்கள். ஆனால் நாம் கையில் எடுத்துப் போகும் மென்மையான வெள்ளை ஒயினுக்கு அத்தகைய சூடு ஆகவே ஆகாது. பகல் முழுவதும் வெயில் விழும் பால்கனிக் கதவருகே பாட்டிலை வைக்காமல், உடை அலமாரியின் கீழ்த் தட்டில் படுக்க வைத்துவிடுங்கள்.

மூன்றாவதாக, மூடியையும் பார்த்து வாங்க வேண்டும் என்பேன். கார்க்கில் உருவாகும் டிசிஏ என்ற வேதிப்பொருள் ஒயினுக்கு ஈர அட்டையின் வாடையைக் கொடுத்துப் பழமணத்தை அழித்துவிடும். கப்பலில் வாங்கிய பாட்டில் அப்படி இருந்தால் திருப்பி அனுப்பிவிட்டு வேறு பாட்டில் கேட்கலாம். நாம் சுமந்து வந்தது அப்படி இருந்தால் கேட்பதற்கு ஆளில்லை. திருகு மூடியில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் 2000ஆம் ஆண்டின் அறுவடையிலிருந்து சேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள், அடுத்த ஆண்டு நியூசிலாந்துக்காரர்களும் அதற்கென ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். இன்று நியூசிலாந்து ஒயினில் மிகப் பெரும்பகுதி திருகு மூடியோடுதான் வருகிறது. திருகு மூடி என்றால் தரம் தாழ்ந்தது என்ற பழைய எண்ணத்தைக் கடல் பயணத்துக்காவது விட்டுவிடலாம். கார்க் திறப்பானைத் தேடி அலையும் வேலையும் மிச்சமாகும்.

விமானத்தில் ஏறித்தான் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்றால் ஒரு முரண்பாட்டைச் சமாளிக்க வேண்டியிருக்கும். 2006இல் திரவ வெடிபொருள் சதி ஒன்று லண்டனில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, விமானத்தின் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்துக்குத் தடை வந்தது. ஆகவே பெரும்பாலான விமான நிலையங்களில் ஒயின் பெரிய பெட்டிக்குள் போயாக வேண்டும். கப்பலிலோ அதற்கு நேர்மாறாக, ஒயின் கைப்பையில்தான் வர வேண்டும். துறைமுகச் சுமை தூக்குபவரிடம் ஒப்படைக்கும் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் இடையில் ஒரு முறை பெட்டியைத் திறந்து மாற்றுவதற்கு நேரம் ஒதுக்குங்கள். விமானப் பெட்டியில் அளவு குறித்த கவலை வேண்டியதில்லை: 24 சதவீதத்துக்கு உட்பட்ட சாராயமுள்ள பானங்களுக்கு விமானப் பாதுகாப்பு விதிகள் வரம்பு வைக்கவில்லை, 24 முதல் 70 சதவீதம் வரை உள்ளவற்றுக்குத்தான் ஆளுக்கு 5 லிட்டர் என்ற வரம்பு. பாட்டிலைக் காற்றுக்குமிழ் உறையில் சுற்றி, வாய் கட்டக்கூடிய நெகிழிப்பை ஒன்றில் இட்டு, பெட்டியின் நடுவில் எல்லாப் பக்கமும் துணி இருக்கும்படி வைத்தால் போதும். ஷாம்பெயின் பாட்டிலுக்குள் ஐந்தாறு வளிமண்டல அளவு அழுத்தம் இருக்கிறது என்பதற்காகப் பயப்படுகிறார்கள். அந்த அழுத்தத்தைத் தாங்கவே அதன் கண்ணாடி தடிமனாகச் செய்யப்பட்டு, கார்க்கும் கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது. உண்மையில் சாதாரண ஒயின் பாட்டிலே உடையும் வாய்ப்பு அதிகம்.

கப்பல் முனையத்தில் நடப்பது விமான நிலையத்தைப் போன்றதே. கைப்பை எக்ஸ்-ரே இயந்திரத்துக்குள் போகும். பாட்டிலின் உருவம் திரையில் தெரிந்ததும் பை ஓரமாக ஒதுக்கப்படும். நாங்கள் கடைசியாகப் போனபோது அங்கே நின்ற பெண் அலுவலர் பாட்டிலை வெளியே எடுத்து, கழுத்தைச் சுற்றியிருந்த தகட்டுறையைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார். பிறகு லேபிளின் கீழ் மூலையில் 750 என்ற எண் இருக்கிறதா என்று கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். என் மனைவியின் அடையாள அட்டையில் பிறந்த ஆண்டைப் பார்த்துவிட்டு, வாழ்த்துச் சொல்லித் திருப்பித் தந்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவர் தேடியது உடைபட்ட முத்திரையைத்தான். ஒருமுறை திறந்து மறுபடி மூடிய பாட்டிலை எந்த நிறுவனமும் ஏற்காது. எக்ஸ்-ரேயால் ஒயினின் சுவை மாறிவிடுமோ என்று கேட்பவர்களும் உண்டு, மாறாது. பாட்டிலைப் பைக்குள் துணிகளுக்கடியில் புதைத்து வைக்காமல் மேலாக வைத்தால் வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கும் உதவியாக இருக்கும்.

அறைக்குள் வந்த பிறகு செய்ய வேண்டியவை எளிமையானவை, ஆனால் சுவைக்கு மிகவும் முக்கியமானவை. பெரும்பாலான அறைகளில் இருக்கும் சிறு குளிர்பெட்டி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் குளிர்ச்சியைத் தருவதில்லை. பானத்தை ஓரளவு குளுமையாக வைத்திருக்குமே தவிர, வெள்ளை ஒயினுக்கு வேண்டிய 8 முதல் 12 டிகிரிக்கோ, நுரைக்கும் ஒயினுக்கு வேண்டிய 6 முதல் 8 டிகிரிக்கோ அதை நம்பிக் கொண்டுவர முடியாது. அறைப் பணியாளரிடம் ஒரு ஐஸ் வாளி கேளுங்கள். வாளியில் வெறும் ஐஸ் கட்டிகளை நிரப்பினால் கட்டிகளுக்கு இடையில் காற்றுதான் நிற்கும். பாதி ஐஸும் பாதித் தண்ணீருமாக நிரப்பி, பாட்டிலின் கழுத்துவரை மூழ்க விட்டால் கண்ணாடியை எல்லாப் பக்கமும் குளிர் தொடும், அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். கொஞ்சம் உப்புப் போட்டால் இன்னும் விரைவு. சிவப்பு ஒயினையும் வெப்பமண்டலக் கடலில் அப்படியே ஊற்றக் கூடாது. பத்து நிமிடம் அதே வாளியில் வைத்து எடுத்தால் சாராய நெடி அடங்கிப் பழமணம் மேலே வரும். ஒயின் குவளைகளையும் அதே பணியாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். குளியலறையில் வைத்திருக்கும் தடித்த கண்ணாடித் தம்ளரில் நல்ல ஒயினை ஊற்றிக் குடிக்க வேண்டாம். கார்க் திறப்பானும் பொதுவாக அவரிடமே கிடைக்கும். சொந்தத் திறப்பானைக் கொண்டுபோக விரும்பினால், கத்தி இல்லாத எளிய வகை நல்லது. தகட்டை அறுக்கும் சிறு கத்தியோடு கூடியதை விமானத்தின் கைப்பையில் வைத்தால் பல இடங்களில் பறித்துவிடுவார்கள்.

இவ்வளவு சொன்னாலும், நல்ல பாட்டில் என்றால் அதை உணவகத்தில் திறப்பதைத்தான் நான் விரும்புகிறேன், கட்டணம் இருந்தாலும். மாலையில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஒயின் பரிமாறுபவரிடம் பாட்டிலைக் கொடுத்து, எந்த உணவோடு வேண்டும் என்று சொல்லிவிட்டால், சரியான குளிர்ச்சியில் அது மேசைக்கு வந்து சேரும். எங்கள் மணநாளன்று அப்படி ஒருவரிடம் கொடுத்தோம். அவர் லேபிளை முழுவதும் படித்தார், ஓரத்தில் சிறிய எழுத்தில் அறை எண்ணைப் பேனாவால் குறித்துக்கொண்டார். இரவு மேசைக்கருகே தகட்டுறையை விளிம்புக்குக் கீழே ஒரே சீராக அறுத்து, கார்க்கை ஓசை எழாமல் உருவி, வாயைத் துணியால் துடைத்து, எனக்குச் சிறிது ஊற்றினார். நாங்கள் சம்மதம் சொன்னதும் அவருக்கும் ஒரு வாய் ஊற்றிக்கொள்ளச் சொன்னோம். பணி நேரம் என்பதால் அருந்தாமல் முகர்ந்து மட்டும் பார்த்து, அந்தத் திராட்சையை இதுவரை பார்த்ததில்லை என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அதன்பின் பயணம் முடியும்வரை அவரோடு தினமும் ஒயினைப் பற்றியே பேச்சு. கார்க்கேஜ் என்பது இந்தக் கைத்திறனுக்கும் கவனிப்புக்கும் கொடுக்கும் கூலி என்பதால்தான் அதை எனக்குக் குறை சொல்லத் தோன்றுவதில்லை. பாட்டில் ஒரே இரவில் முடியாவிட்டால் பல கப்பல்களில் மூடி எடுத்து வைத்து, அறை எண்ணைப் பார்த்து மறுநாள் அதே மேசைக்கு, அல்லது வேறு உணவகத்துக்குக்கூடக் கொண்டுவந்து தருவார்கள். குளிரில் வைத்தால் இரண்டு மூன்று நாள்வரை ஒயின் பெரிதாகக் கெடாது.

வழியில் துறைமுகங்களில் வாங்கும் ஒயின் வேறு கணக்கு. டிஸ்னி போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, பெரும்பாலான கப்பல்களில் திரும்பி ஏறும்போது அதை வாயிலிலேயே வாங்கி, ரசீது கொடுத்து, பயணத்தின் கடைசி இரவிலோ இறங்கும் காலையிலோ திருப்பித் தருகிறார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அந்த ஒயின் வீட்டுக்காக வாங்கியது என்று மனதில் வைத்துக்கொண்டால் கப்பலே அதைப் பத்திரமாகச் சுமந்து வருகிறது. கப்பல், மது, முத்திரை ஆகிய மூன்றின் உறவு பழையதும்கூட. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, வெளிநாட்டுக் கப்பல்கள்கூடத் தங்கள் மதுவோடு அமெரிக்கக் கடல் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிட்டனோடு 1924இல் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகே, முத்திரையிட்டுப் பூட்டிய நிலையில் பிரிட்டிஷ் கப்பல்கள் தங்கள் மதுவை அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் கொண்டுவர முடிந்தது.

விதியை ஏமாற்றுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எழுதப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் முதலில் கேட்டது அதைத்தான். வாய் கொப்பளிக்கும் திரவப் பாட்டிலில் நிறமேற்றிய வோட்கா, மடக்கிவைக்கும் நெகிழிப் பைகளில் ரம், ஒயின் பாட்டிலில் ஒயினைக் கொட்டிவிட்டு விஸ்கியை நிரப்பிப் புதிய மூடி போடுவது என்று வழிகளுக்குக் குறைவில்லை. அலுவலர்களுக்கும் அவை எல்லாம் தெரியும். பிடிபட்டால் பாட்டில் திரும்பி வராது, இழப்பீடும் கிடையாது. மோசமான நிலையில் பயணியையே இறக்கிவிடும் உரிமையையும் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: ஒயினுக்கு இருக்கும் இந்தச் சிறு விலக்கு நம்பிக்கையின் பேரில் நிற்கிறது. 2015இல் தண்ணீர் பாட்டிலுக்கு நேர்ந்தது ஒயின் பாட்டிலுக்கும் நேர்ந்தால் ஒழுங்காக வருபவர்களும் சேர்த்தே அதை இழப்போம்.

எப்போது கொண்டுபோகத் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரீஜென்ட், சில்வர்சீ, சீபோர்ன் போன்ற உயர்நிலைக் கப்பல்களில் மது பயணச்சீட்டிலேயே அடங்கியிருக்கிறது. அங்கே நம் பாட்டிலுக்கு வேலை குறைவு. வரம்பற்ற பானத் தொகுப்பை முன்பணம் கட்டி வாங்கியிருந்தால் மேலும் ஒரு சாதாரண ஒயினைச் சுமப்பதில் பொருளில்லை. சிறப்பான ஒன்றுக்கு மட்டும் இடம் உண்டு. இரவு உணவோடு ஆளுக்கு ஒரு குவளை போதும் என்பவர்கள், சில நிறுவனங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாட்டில்களைச் சேர்த்து முன்பதிவில் விற்கும் ஒயின் தொகுப்பையும் விசாரித்துப் பார்க்கலாம். தனித்தனியாக வாங்குவதைவிட அது மலிவு. எங்களைப் போல இருவர் போகும் அறைக்கு இரண்டு பாட்டில் அனுமதி என்றால், ஒன்றை ஏறிய அன்று மாலை கப்பல் கரையை விட்டு நகரும்போது பால்கனியில் திறக்கும் நுரைக்கும் ஒயினாகவும், மற்றதை உணவக மேசைக்கான நல்ல சிவப்பாகவும் பிரித்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

இறங்கும் நாளுக்கு வரும்போது, கடைசி இரவு திரும்பக் கிடைத்த பாட்டில்களும் திறக்காமல் மிச்சமிருப்பதும் சுங்கக் கணக்கில் சேரும். அமெரிக்காவில் 21 வயது நிறைந்தவருக்குப் பொதுவாக 1 லிட்டர் மதுதான் தீர்வையின்றி அனுமதி, ஆகவே 750 மில்லி பாட்டில் இரண்டு என்றாலே வரம்பு தாண்டிவிடுகிறது. ஆனாலும் கூடுதல் பாட்டிலுக்கான தீர்வை ஒயினைப் பொறுத்தவரை சிறு தொகையே. ஆஸ்திரேலியாவில் 18 வயது நிறைந்தவருக்கு 2.25 லிட்டர், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து அங்கே நுழைபவருக்கு நுரைக்காத ஒயின் 4 லிட்டர், பிரிட்டனிலோ 2021 முதல் 18 லிட்டர்வரை தாராளம். எத்தனை பாட்டில் என்று படிவத்தில் உள்ளபடி எழுதி, வாங்கிய ரசீதுகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலும் விமானம் ஏற வேண்டியிருந்தால், பெட்டியை மூடுவதற்கு முன் கைப்பையிலிருக்கும் ஒயினை மறுபடியும் பெரிய பெட்டிக்குள் மாற்ற மறந்துவிடாதீர்கள்.